வினவலும் அறிவிப்பும்: கொச்சிக் கரையும் வலையமைப்புக் கண்காணிப்பின் வரலாறும்

மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடி, கொச்சித் துறைமுகம் உருவெடுத்த காலத்திலேயே வணிகர் குடியேறிய பகுதிகளுள் ஒன்று. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்து கொச்சியின் முகத்துவாரம் ஆழமடைந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1344இல் கொச்சங்காடியில் எழுந்த யூதத் தொழுகைக்கூடத்தின் கல்வெட்டு இன்று மட்டாஞ்சேரிப் பரதேசி யூதக்கோவிலில் வைக்கப்பட்டுள்ளது. மிளகும் ஏலமும் கைமாறிய இக்கரையில் வணிகம் நிலைக்க, சரக்கு எந்த அளவுக்குத் தேவைப்பட்டதோ அதே அளவுக்குச் செய்தியும் தேவைப்பட்டது. மலைநாட்டுச் சந்தையின் விலையைக் கடற்கரை வணிகர் ஆள் அனுப்பிக் கேட்டறியலாம். அல்லது அங்கிருக்கும் தரகரே விலை மாறும்போதெல்லாம் சொல்லியனுப்பலாம். முதல் முறையில் செலவு கேட்பவரைச் சேர்கிறது. இரண்டாவதில் பொறுப்பு சொல்பவரைச் சேர்கிறது. 1999இலும் 2002இலும் கண்டங்களை இணைக்கும் ஆழ்கடல் கம்பிவடங்கள் இதே கொச்சியில் கரையேறியபோது, அவற்றின் நலத்தைக் கண்காணிக்கும் மென்பொருள்களும் இந்தப் பழைய தேர்வையே எதிர்கொண்டன.

ஒரு வலையமைப்பில் உள்ள ரவுட்டர், சுவிட்ச், சர்வர் போன்ற சாதனங்கள் இயங்குகின்றனவா, எவ்வளவு சுமை தாங்குகின்றன, எங்கே பழுது என்பவற்றைத் தொடர்ந்து அறிந்து பதிவு செய்யும் மென்பொருளையே வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் என்கின்றனர். மையத்தில் உள்ள நிரல் ஒவ்வொரு சாதனத்தையும் குறித்த இடைவெளியில் கேட்டு விடை பெறுவது வினவல். தொழிலில் இருப்போர் இதைப் ‘போலிங்’ என்றே சொல்வார்கள். சாதனம் தானாகவே செய்தி அனுப்புவது அறிவிப்பு. கேட்கும் வேலையை மையம் ஒன்றே சுமக்காமல், சாதனங்களுக்கு அருகில் அமர்த்திய துணை நிரல்களிடம் பிரித்துக் கொடுப்பது பரவல் வினவல். இம்மூன்று முறைகளின் ஏற்றத்தாழ்வுகளைத் தீர்மானித்தது நிரலாக்க அழகு அன்று, இணைப்பின் விலையும் தாமதமுமே என்பதை இத்துறையின் ஐம்பதாண்டு வரலாறு காட்டுகிறது.

அந்த வரலாறு வினவலில் தொடங்கவில்லை. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்பாநெட் வலையமைப்பின் ஒவ்வொரு கணுவிலும் இருந்த சிறு கணினி, தன் நிலையையும் தன்னோடு இணைந்த கம்பிகளின் நிலையையும் குறித்த இடைவெளியில் தானே கேம்பிரிட்ஜ் நகரில் பிபிஎன் நிறுவனம் நடத்திய கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பியது. எல்லாக் கணுக்களையும் ஒரே நிறுவனம் கட்டி, ஒரே நிரலை ஏற்றியிருந்ததால் இது சாத்தியமானது. 1980களில் பல நிறுவனங்களின் சாதனங்கள் ஒரே வலையமைப்பில் கலந்தபோது இவ்வொழுங்கு குலைந்தது; எல்லோருக்கும் பொதுவான ஒரு நெறிமுறை, அதாவது சாதனங்கள் பேசிக்கொள்வதற்கான ஒப்புக்கொண்ட விதித்தொகுப்பு, தேவைப்பட்டது.

1987 நவம்பரில் வெளிவந்த எஸ்ஜிஎம்பி நெறிமுறையும், அதைத் திருத்தி 1988 ஆகஸ்டில் வெளிவந்து 1990 மே மாதத்தில் ஆர்எஃப்சி 1157 என்ற ஆவணமாக நிலைபெற்ற எஸ்என்எம்பி நெறிமுறையும் அத்தேவைக்கு எழுந்த விடைகள். ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் எழுதிய இந்நெறிமுறையின் அடிப்படைக் கொள்கை, கண்காணிக்கப்படும் சாதனத்தின் மேல் இயன்றவரை சிறிய சுமையே விழ வேண்டும் என்பது. அக்காலத்து ரவுட்டரின் நினைவகமும் செயலியும் பொதிகளைக் கடத்தவே சரியாக இருந்தன. ஆகவே சாதனத்தில் இருக்கும் ‘ஏஜென்ட்’ எனும் சிறுநிரல் எண்களை வைத்துக்கொண்டு கேட்டால் மட்டும் சொல்வதாகவும், எப்போது கேட்பது, விடையை எப்படிப் பொருள்கொள்வது என்ற சிந்தனை முழுவதும் மையத்துக்கே உரியதாகவும் வேலை பிரிக்கப்பட்டது. தொலைபேசித் துறையினர் ஆதரித்த சிஎம்ஐபி நெறிமுறை சாதனத்திடமே கூடுதல் அறிவை எதிர்பார்த்தது. அதன் கனம் தாங்காமல் இணைய உலகம் எளிய எஸ்என்எம்பியையே ஏற்றது என்றாலும், கம்பிவட நிலையங்கள் போன்ற தொலைத்தொடர்பு அமைப்புகளில் சாதன மேலாண்மை ஓர் அடுக்கு, முழு வலையமைப்பின் மேலாண்மை அதற்கு மேலடுக்கு என்ற தொலைபேசித் துறையின் பகுப்பு நிலைத்துவிட்டது.

எளிமைக்கு உரிய விலை விரைவிலேயே தெரிந்தது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதி 1995இல் வெளியிட்ட எம்ஆர்டிஜி என்ற நிரல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டர் கடத்திய தரவின் அளவைக் குறிக்கும் எண்ணியைக் கேட்டு வரைபடமாக்கியது. அதிலிருந்து ஐந்து நிமிடம் என்பதே தொழிலின் வழக்கமான இடைவெளி ஆயிற்று. ஆனால் 32 பிட் எண்ணி ஒன்று, 10 மெகாபிட் வேகக் கம்பி முழு அளவில் ஓடினால் 57 நிமிடங்களில் நிறைந்து மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும்; 100 மெகாபிட்டில் இது 5.7 நிமிடம், ஒரு கிகாபிட்டில் 34 நொடி மட்டுமே. கம்பியின் வேகம் கூடக் கூட மையம் அடிக்கடி கேட்க வேண்டும், அல்லது சாதனம் 64 பிட் எண்ணி வைத்திருக்க வேண்டும் என்ற நெருக்கடி 1990களில் எழுந்தது. பெரிய எண்ணிகள் தரத்தில் சேர்க்கப்பட்டு அது தணிந்தது.

தாமதம் இதனினும் கடுமையான சிக்கல். விடை வர 0.6 நொடி ஆகும் இணைப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், 500 சாதனங்களிடம் ஆளுக்கு ஒரு வினா கேட்கவே 300 நொடி, அதாவது ஐந்து நிமிட இடைவெளி முழுவதும் தீர்ந்துவிடும். விடை தராத சாதனத்துக்கு 5 நொடி காத்திருந்து மேலும் மூன்று முறை முயல்வதாக அமைத்தால், இறந்துபோன ஒவ்வொரு சாதனமும் 20 நொடியை விழுங்கும். முப்பது சாதனங்கள் ஒருசேர விழுந்தால் மையத்துக்குப் பத்து நிமிடம் அவற்றிலேயே கழியும். நிலைமை மோசமாகும் நேரத்தில்தான் கண்காணிப்பும் மெதுவாகிறது என்ற இம்முரணை, பல வினாக்களை ஒரே வேளையில் விடுத்து விடைகளுக்காகக் காத்திருக்கும் இணைநிலை வினவலால் பின்னாளில் ஓரளவு சமாளித்தார்கள். மையத்தின் செயலி தாங்கும் எல்லைவரைதான் அந்த உத்தி உதவும்.

வினவலுக்கு மாற்றாக அறிவிப்பு, ‘டிராப்’ என்ற பெயரில், எஸ்என்எம்பியில் தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் அது பெற்றதற்கு ஒப்புகை கேட்காத யூடிபி வழியே செல்வதால் நடுவில் தொலைந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. 1993இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒப்புகை கேட்கும் ‘இன்ஃபார்ம்’ செய்தி சேர்க்கப்பட்டது. எனினும் அறிவிப்பின் மூலக்குறை நெறிமுறையைச் சார்ந்தது அன்று: மின்சாரம் இழந்த சாதனமோ வழி அறுந்த சாதனமோ தன் நிலையைச் சொல்ல இயலாது; அதன் மௌனத்தை நலம் என்று மையம் எடுத்துக்கொள்ளும். ஒளியிழை வீட்டிணைப்புகளில் ‘டையிங் கேஸ்ப்’ என்ற ஏற்பாடு உண்டு. மின்சாரம் போனதும் சாதனத்தின் மின்தேக்கியில் எஞ்சிய ஆற்றலைக் கொண்டு அது கடைசியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு அடங்கும். இழை அறுந்தால் அதுவும் பயன்படாது. ஆகவே அறிவிப்பு வந்தவுடன் அந்தச் சாதனத்தை மட்டும் விரிவாகக் கேட்பது, அறிவிப்பு வராவிட்டாலும் நீண்ட இடைவெளியில் எல்லாவற்றையும் கேட்பது என்ற கலப்பு முறையை மார்ஷல் ரோஸ் 1991இல் எழுதிய ஆர்எஃப்சி 1215 ஆவணம் எடுத்துரைத்தது.

அதே 1991இல் வேறொரு வழியும் தோன்றியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யெக்கியம் யெமினி, ஜெர்மன் கோல்ட்ஷ்மிட் முதலியோர், தரவை மையத்துக்கு இழுப்பதைவிட ஆராயும் நிரலைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்புவதே மேல் என்ற ஒப்படைப்பு மேலாண்மைக் கருத்தை முன்வைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் வெளியான ஆர்மான் தரம், ஒரு கம்பித்தொகுதியின் போக்குவரத்தை அங்கேயே அளந்து, சேமித்து, வரம்பு மீறினால் மட்டும் மையத்துக்குச் சொல்லும் தொலைநிலைக் கருவியை வரையறுத்தது. 1999க்கும் 2000க்கும் இடையில் இணையத் தரக்குழு வெளியிட்ட தொடர் ஆவணங்கள், கால அட்டவணை, நிரல்துண்டு, தொலைநிலைப் பிங் சோதனை, நிகழ்வு நிபந்தனை ஆகியவற்றைச் சாதனத்திடமே ஒப்படைக்க வழி செய்தன. நிரல்துண்டை இயக்கும் தரம் புழக்கத்தில் வேரூன்றவில்லை. தொலைநிலைப் பிங் போன்ற எளிய பகுதிகளே ரவுட்டர்களில் இடம் பிடித்தன. பரவல் வினவல் வெற்றி பெற்றது சாதனங்களுக்குள் அன்று, அவற்றின் அருகே வைக்கப்பட்ட சாதாரணக் கணினிகளில்.

இந்தியாவில் இச்சிக்கல் புத்தகச் சிக்கலாக இருந்ததில்லை. 1986இல் மின்னணுவியல் துறையும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் தொடங்கிய எர்நெட், சென்னை ஐஐடி உள்ளிட்ட எட்டு நிறுவனங்களை இணைத்தது. தேசியத் தகவலியல் மையத்தின் நிக்நெட் 1980களின் பிற்பகுதியில் மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியே டெல்லியுடன் சேர்த்தது. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியே சென்று விடையோடு திரும்பும் வினாவுக்கு அரை நொடிக்கு மேல் ஆகும். அலைவரிசையோ குறுகியது, விலையோ அதிகம். நிலவழிக் கம்பிகள் நிறைந்த நாட்டில் எழுதப்பட்ட வினவல் முறையை அப்படியே இங்கே நடத்தினால், பயனருக்கு உரிய அலைவரிசையைக் கண்காணிப்பே தின்றுவிடும் என்ற நிலை இந்தியப் பொறியாளர்களின் அன்றாட அனுபவம்.

இத்துறையில் தமிழ்நாட்டில் ஒரு தொழிலே வளர்ந்தது. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், பிற நிறுவனங்கள் தம் சாதனங்களில் பயன்படுத்துவதற்கான எஸ்என்எம்பி நிரற்கருவிகளைச் சென்னையில் உருவாக்கி விற்றது. 2000களின் தொடக்கத்தில் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்தபோது அது நிறுவனங்களின் உள்வலையமைப்புகளைக் கண்காணிக்கும் ஆப்மேனேஜர் முதலிய மென்பொருள்களின் பக்கம் திரும்பி, 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோர் நடத்திய டெநெட் குழுவின் அரவணைப்பில் பிறந்த என்எம்எஸ்வொர்க்ஸ் நிறுவனம், தொலைபேசி நிறுவனங்களுக்கான மேலாண்மை மென்பொருளை உருவாக்கியது. இத்துறையின் பாடநூல்களுள் பரவலாகப் பயன்படும் ஒன்றை 2000இல் எழுதிய மணி சுப்பிரமணியன், அதன் பிற்பதிப்பை ஐஐடி ஆசிரியர் திமதி கன்சால்வஸ், என்எம்எஸ்வொர்க்ஸைச் சேர்ந்த உஷா ராணி ஆகியோரின் பங்களிப்புடன் வெளியிட்டார் என்பது, பாடமும் தொழிலும் இங்கே எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்குச் சான்று.

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் உருவான மென்பொருள்களை ஒப்பிட, நான்கு வினாக்கள் போதும்: எப்போது கேட்பது என்று முடிவு செய்வது யார், விடை எங்கே சேமிக்கப்படுகிறது, இணைப்பு அறுந்தால் என்ன ஆகிறது, மௌனத்தை எப்படிப் பொருள்கொள்வது. ஆப்மேனேஜரின் பெருநிறுவனப் பதிப்பில் ஒவ்வொரு கிளையிலும் ‘ப்ரோப்’ எனும் துணைச் சர்வர் தன் தரவுத்தளத்துடன் இயங்கி, கேட்டதன் சாரத்தை மையச் சர்வருக்கு அனுப்புகிறது. கிளை ஏறத்தாழத் தன்னாட்சி பெற்றது. லாட்வியாவில் அலெக்சி விளாடிஷேவ் உருவாக்கி 2001இல் வெளியிட்ட ஸாபிக்ஸ், 2008 முதல் ‘ப்ராக்ஸி’ எனும் இடைநிரலைத் தருகிறது. அமைப்புக் குறிப்புகளை மையத்திடமிருந்து பெற்று, தானே கேட்டு, இணைப்பு அறுந்தால் விடைகளைத் தேக்கி வைத்துப் பின்னர் ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிகிறது. எது பழுது என்ற முடிவு மையத்துக்கே உரியது. 1999இல் தொடங்கிய ஓபன்என்எம்எஸ், பிற்காலத்தில் சேர்த்த ‘மினியன்’ நிரலுக்கு நினைவே வைக்கவில்லை: செய்தி வரிசை வழியே மையம் அனுப்பும் ஒவ்வொரு வினாவையும் அது தன் இடத்திலிருந்து கேட்டு விடையைத் திருப்புகிறது. இதனால் மினியன் பழுதானால் வேறொன்றை உடனே அமர்த்தலாம். ஆனால் மையத்துடன் தொடர்பு அறுந்தால் அங்கே வினவலே நின்றுவிடும்.

ஈதன் கால்ஸ்டாட் 1999இல் நெட்செயிண்ட் என்ற பெயரில் தொடங்கி 2002இல் நாகியோஸ் ஆக்கிய மென்பொருள், மௌனத்தைப் பற்றி மற்றவற்றைவிட ஆழமாகச் சிந்தித்தது. வெளியிலிருந்து வர வேண்டிய அறிவிப்பு உரிய காலத்துக்குள் வராவிட்டால், அது தானே போய்க் கேட்கும். எந்தச் சாதனம் எதன் பின்னால் இருக்கிறது என்று முன்பே சொல்லிவைத்தால், விழுந்த சாதனத்தையும் எட்ட முடியாத சாதனத்தையும் வேறுபடுத்திக் காட்டும். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய ப்ரோமிதியஸ், மேகக் கணினிகளின் காலத்திலும் இழுத்துக் கேட்கும் முறையையே தேர்ந்தது. கேள்விக்கு விடை வராததையே ஓர் அளவீடாக, சுழி என்று பதிவு செய்வது அதன் இயல்பு. ஒவ்வொரு ப்ரோமிதியஸும் தனித்தே இயங்கி, மேல்நிலைச் சர்வர் கீழ்நிலைச் சர்வர்களிடமிருந்து சாரத்தை மட்டும் இழுக்கும்.

எதிர்த்திசை அலையும் எழுந்தது. 2002இல் இணையக் கட்டமைப்பு வாரியம் கூட்டிய பட்டறையில் வலையமைப்பு நடத்துநர்கள் எஸ்என்எம்பியின் குறைகளை விரிவாக எடுத்துரைத்தனர். அதன் பதிவு மறு ஆண்டு ஆர்எஃப்சி 3535 ஆக வெளிவந்தது. சாதனங்கள் தாமே தொடர்ந்து தரவை ஒழுகவிடும் தொடரளவீட்டு முறை அதன்பின் படிப்படியாக வளர்ந்து, 2019இல் யாங்-புஷ் தரத்தில் நிலைபெற்றது. ரவுட்டரின் செயலி இப்போது வலிமை மிக்கது என்பதால், 1988இல் அதன்மேல் சுமை ஏற்றக் கூடாது என்று சொன்ன காரணம் தளர்ந்தது. துறை ஒருவகையில் ஆர்பாநெட்டின் தொடக்க முறைக்கே திரும்பியது.

இவ்வெல்லா முறைகளையும் அளந்து பார்க்க இன்றைய கொச்சி தகுந்த இடம். சுமார் 39,000 கிலோமீட்டர் நீளமுள்ள சீ-மீ-வி 3 கம்பிவடம் 1999இல் பயன்பாட்டுக்கு வந்தபோது மும்பையிலும் கொச்சியிலும் இந்தியக் கரையைத் தொட்டது. தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைக்கும் சேஃப் கம்பிவடம் 2002இல் கொச்சி வழியே வந்தது. இத்தகைய வடங்களில் கடலடிப் பெருக்கிகளை நேரில் போய்ப் பார்க்க இயலாது; ஒவ்வொரு கரைநிலையத்தின் மேலாண்மைக் கணினியும் ஒளிச்சமிக்ஞை வழியாகத் தன் பக்கத்துப் பெருக்கிகளை வினவி, இழையில் ஒளி திரும்பும் நேரத்தைக் கொண்டு அறுந்த இடத்தைக் கணக்கிடுகிறது. நாடு கடந்த இக்கூட்டமைப்புகளில் எந்த ஒரு மையமும் எல்லாக் கரைகளையும் தனியே நம்பி நடத்த முடியாததால், பரவல் இங்கே வசதி அன்று, உடைமையின் இயல்பு.

2024 ஜனவரி 3இல் தொடங்கிவைக்கப்பட்ட கொச்சி-லட்சத்தீவு கம்பிவடம், 1,868 கிலோமீட்டர் நீளத்தில் பதினொரு தீவுகளை நிலப்பரப்புடன் இணைத்தது. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கவரத்தித் தீவுக்கு ஒரு வினா சென்று திரும்ப அரை நொடி ஆன இடத்தில், ஒளியிழையில் சில மில்லிநொடிகளே ஆகின்றன; கேட்பதன் விலை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும் தீவுக்கு அருகே வடம் அறுந்தால், கரையில் இருக்கும் மையத்துக்கு அத்தீவின் எல்லாச் சாதனங்களும் ஒருசேர இறந்ததாகவே தோன்றும். தீவிலேயே ஒரு வினவல் நிரலும் அதன் தேக்கமும் இருந்தால் மட்டுமே அவை அந்நேரத்தில் நலமாக இயங்கின என்பது பின்னர் தெரியவரும். விரைவுக்காகத் தேவைப்பட்ட பரவல் முறை, இப்போது சாட்சியத்துக்காகத் தேவைப்படுகிறது.

நிலத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 2023 ஜூன் 5இல் தொடங்கப்பட்ட கே-ஃபோன், கேரள மின்வாரியத்தின் கம்பங்களையும் துணைமின்நிலையங்களையும் வழியாகக் கொண்டு மாநிலம் முழுவதும் ஒளியிழை விரிக்கிறது. 375 இணைப்பு மையங்கள் திட்டமிடப்பட்ட அவ்வலையமைப்பின் இயக்கமையம் கொச்சி இன்ஃபோபார்க்கில் உள்ளது. தாமதம் குறைவான, ஒரே உடைமையாளரைக் கொண்ட இத்தகைய அமைப்பில் மையம் நேராகவே எல்லாவற்றையும் கேட்க முடியும். பரவல் நிரல்களை இங்கே அளவின்றிப் பெருக்கினால் அவற்றையே கண்காணிக்க வேண்டிய புதிய சுமைதான் சேரும். துணை நிரல் ஒன்று இறந்தால் அதன் கீழுள்ள நூறு சாதனங்களின் மௌனத்தை யார் விளக்குவது என்ற கேள்வி எந்தப் பரவல் அமைப்பையும் விடாமல் தொடர்வது.

ஆகவே வினவல், அறிவிப்பு, பரவல் ஆகிய மூன்றில் எது சிறந்தது என்ற வழக்கு இத்துறையில் ஒருபோதும் தீர்ந்ததில்லை. இணைப்பின் விலை மாறும்தோறும் அது மறுவிசாரணைக்கு வந்திருக்கிறது. விரைவுக்கு அறிவிப்பும், மௌனத்தை உடைக்க வினவலும், அறுபடக்கூடிய இணைப்புக்கு அப்பால் நின்று பதிவு வைக்கப் பரவல் நிரலும் தேவை. எந்த நிறுவனமாயினும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் தன் வலையமைப்பு எங்கே அறுபடக்கூடும் என்பதை வரைந்து பார்த்து, அந்த இடத்துக்கு அப்பால் ஒரு கண்காணியை நிறுத்துவதே, இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடம்.